வெளிச்சத்துக்கு மடிசார் எதற்கு?

கரமனை, திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1110, சிங்க மாசம் 6

சௌபாக்கியவதி நாகலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

இங்கே சகலரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சகலரும் என்றால் இப்போது நான் ஒருவன். என் க்ஷேமத்தைப் பற்றி நான் வைத்த ரசத்தைக் கேட்டால் சொல்லும்.

உன் அண்ணா பிள்ளையின் பூணூலுக்கென்று கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் ஏறினாய். பூணூல் முடிந்து, அந்தப் பையன் சந்தியாவந்தனத்தை ஏமாற்றக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டானாம். நீ மட்டும் இன்னும் வரவில்லை. காரணம் பூணூல் அல்ல, கூடத்தில் மாட்டியிருக்கும் படம் என்பது எனக்குத் தெரியும். எனக்கே தெரிந்துவிட்டது என்றால் தெருவுக்குத் தெரிந்து வெகுநாளாகியிருக்கும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நம் தெரு நாகேஸ்வரன் பாரிஸ்டர் ஆகப் போகிறேனென்று சீமைக்குப் போய், பக்கத்தில்தானே இருக்கிறதென்று பாரிஸுக்குத் தாண்டி, படம் எழுதக் கற்றுக்கொண்டு வந்தான். அப்பா வீட்டில் சேர்க்கவில்லை. வைகாசி மாசம் முழுக்க நம் மச்சில் தங்கி, உன் கையால் சாப்பிட்டான். போகும்போது பாய் மாதிரி சுருட்டிய ஒரு துணியைக் கொடுத்து, "மாமா, இது உங்காத்துல இருக்க வேண்டியது" என்றான். உன் பருப்புசிலிக்குப் பிரதி உபகாரம் என்று நினைத்தேன். சாலைக் கடைத்தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் நயினார் பிள்ளையிடம் கொடுத்துச் சட்டமும் கண்ணாடியும் போட்டு மாட்டினேன். அவ்வளவுதான்.

"இது ஆரு?" என்று நீ கேட்டாய். நான் சிரித்தேன். அங்கேதான் சறுக்கிற்று. பத்திரிகைக்கு மாசாமாசம் நாலு பக்கம் சிரிக்க எழுதிப் பழகிய புத்தி, தெரியாது என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்ல இடம் கொடுக்கவில்லை. தபால்காரனிடம் பிரான்ஸ் தேசத்து ராணி என்றேன். பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமியிடம் என் இளைய சம்சாரம் என்றேன். அது சுவர் ஏறிக் குதித்து, காப்பி ஆறுமுன் உன் காதுக்கு வந்து சேர்ந்தது.

தமாஷ். சத்தியமாகத் தமாஷ். நவராத்திரிக்கு முன் வந்துவிடு. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் எழுந்தருளி நம் பாலத்தைத் தாண்டும்போது, வாசலில் கோலமில்லாமல் நான் மட்டும் வழுக்கைத் தலையோடு நின்றால் அம்மன் என்ன நினைப்பாள்?

இப்படிக்கு,
பிச்சுமணி


கல்லிடைக்குறிச்சி
பவ வருஷம், ஆவணி 10

அங்கே இருப்பவர்களுக்கு நாகலக்ஷ்மி அநேக நமஸ்காரம். க்ஷேமம்.

கடிதம் வந்தது. நன்றாக இருந்தது. மன்னியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

படத்தில் இருப்பது யார்?

எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அரைத்து வழித்த மாதிரி நாலு தீற்றல் இருக்கிறது, அதில் கண் எது மூக்கு எது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புடவை கட்டத் தெரியும். அது மடிசார். தலைப்பு இடது தோளில் போயிருக்கிறது. நம் மனுஷாள் வலது தோளில் போடுவோம். இடது தோளில் போடுகிறவர்கள் ஐயங்கார்கள். ஆகவே அது நான் இல்லை, வாலாம்பாள் மாமி இல்லை, நம் தெருவில் ஒருத்தியும் இல்லை. யாரோ ஒரு ஐயங்கார் வீட்டுப் பெண்ணை என் கூடத்தில், என் ஊஞ்சலுக்கு நேரே மாட்டியிருக்கிறீர்கள்.

யார் என்று ஒரு பேர் எழுதினால் போதும். சிரிக்க வைக்க வேண்டாம். அதுவரை இங்கேதான் இருப்பேன்.

கொலு பொம்மைப் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது. தேடவேண்டாம்.

நாகலக்ஷ்மி


கரமனை
சிங்கம் 17

நாகுவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தின் முன் போய் நின்றேன். நீ சொன்னது வாஸ்தவம். தலைப்பு இடது தோளில்தான் இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் தலைப்பு என்றே நினைக்கவில்லை, வாழைமரம் என்று நினைத்திருந்தேன்.

யார் என்று எழுதியவனையே கேட்டுவிடலாமென்று நாகேஸ்வரனுக்கு எழுதினேன். பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் மலையை எழுதிக்கொண்டிருக்கிறானாம். பதில் வந்தது. அப்படியே தருகிறேன்: "மாமா, அது யார் என்று பார்க்கக் கூடாது. அந்தப் படம் காலை வெளிச்சத்தைப் பற்றியது. பெண் ஒரு சாக்கு. பக்கத்தில் போகாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள்."

தள்ளி நின்றேன். ஊஞ்சல் வரை வந்தேன், தவிட்டுப் பானை மாதிரி ஒன்று தெரிந்தது. இன்னும் பின்னால் வந்தேன், ஒரு பெண் லேசாகக் கூடி வந்தாள். சரி, இன்னும் கொஞ்சம் என்று பின்னாலேயே போனதில் முற்றத்துப் படி என்று ஒன்று இருப்பது மறந்துபோயிற்று. விழுந்தேன். மல்லாந்து கிடந்தபடி பார்த்தபோது அவள் மிகவும் நன்றாகத் தெரிந்தாள், ஆனால் எழுந்தவுடன் மறுபடி தவிடு. இடுப்புக்குப் பிண்டத் தைலம் போட்டிருக்கிறது. நீ கவலைப்பட வேண்டாம், கவலைப்பட்டாலும் தடுக்கவில்லை.

வாலாம்பாள் மாமி சத்தம் கேட்டு வந்தாள். "என்னடா பிச்சுமணி, அவளைப் பாத்து விழுந்துட்டியாக்கும்?" என்றாள். நாளைக்குள் இது ஆற்றங்கரை வரை போய்விடும்.

நயினார் பிள்ளையையும் கூட்டிவந்து காட்டினேன். சட்டம் போட்டவராயிற்றே. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சாமி, வலது கையில மஞ்சளா உருண்டையா ஒண்ணு இருக்குல்லா? அது வீணக் குடமாக்கும். சரஸ்வதி கணக்கா ஆரோ வீண வாசிக்கா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தெளிவு பிறந்த சந்தோஷத்தில் எழுதுகிறேன்: வீணை!

பிச்சுமணி


கல்லிடைக்குறிச்சி
ஆவணி 22

நமஸ்காரம்.

இடுப்பு எப்படி இருக்கிறது? தைலத்தைச் சுடவைத்துப் போடவும். பரணில் இரண்டாவது ஜாடி.

வெளிச்சத்தைப் பற்றிய படம் என்று எழுதியிருக்கிறான். வெளிச்சத்துக்கு மடிசார் எதற்கு?

வீணை என்று நீங்களே சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். இடது தோளில் தலைப்பு, கையில் வீணை. கோட்டைக்குள் பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுக்கும் ஜெயலக்ஷ்மிதானே? அவளும் ஐயங்கார் ஆத்துப் பெண். போன வருஷம் அவள் கச்சேரியைப் பற்றி நாலு பக்கம் எழுதினீர்கள். மூன்று பக்கம் வீணையைப் பற்றி இருந்தது. ஒரு பக்கம் அவள் விரலைப் பற்றி.

அதை அப்போதே வாசித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தமாஷ் என்பீர்கள். உங்களிடம் எதைக் கேட்டாலும் கைநிறையத் தமாஷ் கிடைக்கும், பதில் மட்டும் கிடைக்காது. கல்யாணமான நாளாய் நான் உங்கள் எழுத்தை வாசிக்கிறேன். வாலாம்பாள் மாமியின் மூக்குப்பொடி அதில் இருக்கிறது, உங்கள் ஆபீஸ் சூப்பிரண்டின் கொட்டாவி இருக்கிறது, ஜெயலக்ஷ்மியின் விரல் இருக்கிறது. நான் எங்கேயும் இல்லை. உங்கள் கண்ணில் படாமல் ஒரு வீட்டை நடத்தியிருக்கிறேன் போலிருக்கிறது.

இந்த வருஷம் கொலு இங்கேயே வைக்கலாமென்று அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.

நாகலக்ஷ்மி


கரமனை
சிங்கம் 29

நாகு,

உன் கடிதத்துக்கு நாலு நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் ஒரு தமாஷ் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்தால் காகிதத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. எனவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் சந்தேகம் ஜெயலக்ஷ்மியின் காதுக்கே போய்விட்டது. எப்படி என்று கேட்காதே, வாலாம்பாள் மாமிக்குக் கோட்டைக்குள் ஒரு சம்பந்தி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அகத்துக்காரரோடு வந்து இறங்கினாள். அவர் சம்ஸ்கிருத பண்டிதர், கையில் தடி வைத்திருந்தார், நடப்பதற்காக என்று நம்பினேன். இருவரும் படத்தின் முன் நின்றார்கள். நான் தடிக்கு எட்டாத தூரத்தில் நின்றேன்.

ஜெயலக்ஷ்மி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏன்னா, நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றாள்.

பண்டிதர் தடியின் பிடியை ஆராயத் தொடங்கினார். நம்மைப் போலவே அவரும் வெகுநாளாகக் கல்யாணமானவர்.

"இது வீணையே இல்லை மாமா. தந்தி எங்கே, தண்டி எங்கே? இது ஏதோ பித்தளைப் பாத்திரம். இந்த மூக்கைப் பாருங்கோ, இது பக்கத்தாத்து மாமி மூக்கு" என்றாள். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விளைவு என்ன தெரியுமா? வாலாம்பாள் மாமி தினம் இரண்டு வேளை வந்து படத்தைப் பார்க்கிறாள். அவள் சின்ன வயசில் அப்படித்தான் இருந்தாளாம். நேற்று தலையில் ஒரு முழம் பிச்சி வைத்துக்கொண்டு வந்தாள். "அந்த நாகேஸ்வரன் ஆம்பளப் பிள்ளைகள்லயே சேர்த்தியில்லடா. பொம்மனாட்டிகளைத் தலை நிமிந்து பாக்காது. விடிஞ்சா பாலத்துல நின்னுண்டு ஆத்துத் தண்ணியவே பாத்துண்டு எழுதிண்டிருக்கும். அது என்னை எப்போடா பாத்தது?" என்று வெட்கப்பட்டாள். மாமி வெட்கப்பட்டு நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. காலையில் பார்த்தால் ஜெயலக்ஷ்மி, மத்தியானம் மாமி, விளக்கு வைத்தால் என் அத்தை. மேல் மூலையில் பல்லி மாதிரி கறுப்பாக ஒரு கிறுக்கல் இருக்கிறது, அது என்ன என்றும் தெரியவில்லை. தலைக்கு மேலே ஆகாசம் இருப்பது சரி, அந்த ஆகாசம் ஏன் நெளிகிறது? பாரிஸில் அப்படி நெளியுமோ என்னவோ. பேசாமல் கழற்றி ஆற்றில் விட்டுவிடலாமென்றால், நீ கேட்ட பேரும் அதோடு போய்விடுமே என்று கை வரவில்லை.

நீ எழுதியதில் ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் எழுத்தையெல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். நீ இல்லை. நிஜமாகவே இல்லை.

கொலுவை அங்கே வைக்காதே.

பிச்சுமணி


கல்லிடைக்குறிச்சி
புரட்டாசி 3

நமஸ்காரம்.

இந்தக் கடிதத்தை நிதானமாக வாசிக்கவும். முடிந்தால் உட்கார்ந்து.

தள்ளி நின்று பார்த்தால் தெரியும் என்று நாகேஸ்வரன் எழுதினானே, எனக்கு இத்தனை மைல் தள்ளி வந்த பிறகு தெரிந்துவிட்டது.

இன்று விடிகாலை தாமிரபரணிக்குப் போனேன். படித்துறையில் யாரும் இல்லை. குளித்து உடுத்திக்கொண்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு நிமிர்ந்தேன். நிமிரும்போது தண்ணீரைப் பார்த்தேன். அதில் ஒருத்தி தலைகீழாக நின்றாள். முகம் அலையில் உடைந்து நாலு தீற்றலாக இருந்தது. அவள் தலைக்குக் கீழே ஆகாசம் நெளிந்தது. கையில் மஞ்சளாக உருண்டையாக ஒன்று.

சொம்பை அசைக்காமல் மறுபடி பார்த்தேன். என் கூடத்துப் படம்.

வாலாம்பாள் மாமி சொன்னதை நீங்கள் எழுதினீர்கள், ஆனால் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பெண்களைப் பார்க்கவில்லை, தண்ணீரை மட்டும் பார்த்தான். தண்ணீரில் இருந்ததைத் தண்ணீரில் இருந்தபடியே தலைகீழாக எழுதினான். நயினார் பிள்ளை சாமி படம் போடுகிறவர். தலை மேலே இருக்கவேண்டுமென்று திருப்பிச் சட்டம் போட்டுவிட்டார். அந்தப் பல்லி அவன் கையெழுத்தாக இருக்கும். திருப்பிப் பாருங்கள்.

தண்ணீரும் ஒரு கண்ணாடிதானே. நான் பொட்டு வைக்க ஒரு கையைத் தூக்கினால் கண்ணாடிக்குள் இருப்பவள் மறு கையைத் தூக்குகிறாள். அவளுக்கு இடது தோளில் தலைப்பு இருந்தால் கரையில் நின்றவளுக்கு வலது தோளில். அப்படியானால் அவள் ஐயங்காரும் இல்லை, வீணைக்காரியும் இல்லை, நம் தெருக்காரி.

அவளுக்குச் சொம்பு வலது கையில் இருக்கிறது. அப்படியானால் கரையில் நின்றவளுக்கு எந்தக் கையில்?

நம் தெருவில் இடது கையால் சொம்பு மொள்ளுகிறவள் ஒருத்திதான்.

உங்களுக்கு இது தெரியாது. எனக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். இங்கே சின்ன வயசில் அந்தக் கையைத் துணியால் கட்டிப்போட்டு மாற்றினார்கள். உங்கள் அம்மா பார்த்திருந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்லியிருப்பார். அதனால் நாலு பேர் எதிரில் வலது கை. பரிமாறுவது, கோலம், கரண்டி எல்லாம் வலது கை. விடிகாலையில் ஆற்றில் யாரும் இல்லாதபோது மட்டும் இடது கை. அந்தக் கொஞ்ச நேரம் என் கை என் கையாக இருக்கும்.

அதை ஒருத்தன் பார்த்திருக்கிறான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பார்த்திருக்கிறான். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத் தெரியவில்லை.

இனி நான் பேர் கேட்கவில்லை. யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது வருவதா வேண்டாமா என்பது எனக்கு முன்னைவிடக் குழப்பமாக இருக்கிறது.

நாகலக்ஷ்மி


கரமனை
கன்னி 9

நாகு,

உன் கடிதம் வந்தவுடன் சாலைக்கு ஆள் அனுப்பி நயினார் பிள்ளையை வரவழைத்தேன். படத்தைத் திருப்பி மாட்டவேண்டும் என்றேன். "எத்தன சாமி படம் சட்டம் போட்டிருக்கேன், தல மேலயா கீழயான்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்று சண்டைக்கு வந்தார். ஆனாலும் திருப்பினார். பல்லி நாகேஸ்வரன் ஆயிற்று. அழகான தமிழில், கீழ் மூலையில். பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பம் அந்தப் பிள்ள ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

கை விஷயம் எனக்குத் தலைக்குள் நிற்கவில்லை. நீ எழுதியதைப் படித்தால் புரிகிறது, காகிதத்தை மடித்தால் போய்விடுகிறது. அதனால் செய்தே பார்த்துவிட்டேன். தலைகீழான படத்தைக் கீழே சாய்த்து வைத்து, அதற்கு மேலே பெஞ்சில் நான் ஏறி நின்றுகொண்டேன். நான்தான் கரை, படம்தான் ஆறு. தோளில் துண்டு, கையில் பித்தளைச் சொம்பு. பிள்ளை எதிரே நின்று, "அந்தக் கையில்ல சாமி, மத்த கை. துண்ட இந்தத் தோளுக்கு மாத்தும். லேசா இடுப்ப ஒசிச்சு நில்லும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் துண்டு வலது தோளுக்கு வந்தது. சொம்பு இடது கைக்கு வந்தது. அந்தச் சமயத்தில்தான் வாலாம்பாள் மாமி பிச்சிப்பூவோடு உள்ளே வந்தாள். "சிவ சிவா, இவனுக்கு முத்திப் போச்சு!" என்று அப்படியே திரும்பினாள். இந்தக் கதை இப்போது எங்கே உலாவுகிறது என்று எனக்குத் தெரியாது. அறிய விருப்பமும் இல்லை.

பிள்ளை போன பிறகும் நான் அந்தச் சொம்பைக் கீழே வைக்கவில்லை. இடது கையால் மொண்டு பார்த்தேன். பாதி தரையில் போயிற்று. வலது கையில் வராததை வலது கையால் இத்தனை வருஷம் ஒரு சொட்டுச் சிந்தாமல் பரிமாறியிருக்கிறாய். நீ குழம்பு ஊற்றுமுன் கரண்டி ஒரு கணம் நிற்கும். அது எனக்குத் தெரியும். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

நாகேஸ்வரனுக்கும் எழுதிவிட்டேன். பதில் உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் மறைக்கக் கூடாதென்று எழுதுகிறேன். பல நாள் காலையில் எழுதினானாம். தண்ணீரில் யார் யார் வந்தார்களோ அவர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாமாம். கை மட்டும் ஒரே கை, அதைப் பார்த்துத்தான் படத்தையே தொடங்கினானாம், யாருடையது என்று மட்டும் தெரியாதாம். "உங்காத்துல இருக்க வேண்டியது" என்று ஏன் சொன்னாயடா என்று கேட்டிருந்தேன். உன் ஊஞ்சலுக்கு நேரே ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். அதற்காகவாம்! ஆக, எழுதியவனுக்கும் தெரியவில்லை, மாட்டியவனுக்கும் தெரியவில்லை.

படம் இப்போது தலைகீழாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் திருப்பிவிட எழுந்திருக்கிறார்கள். தொடவேண்டாம், அவள் அப்படித்தான் என்கிறேன். யார் என்று கேட்கிறார்கள். நாகலக்ஷ்மி என்கிறேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொலுப் படி கட்டிவிட்டேன். கோணலாக இருக்கிறது. நீ வருவாயா?

பிச்சுமணி


கல்லிடைக்குறிச்சி
புரட்டாசி 14

நமஸ்காரம்.

கை என்னுடையது. அது போதும். மூக்கை வாலாம்பாள் மாமி எடுத்துக்கொள்ளட்டும், பாவம், ஆசைப்படுகிறாள். இடுப்பு வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கட்டும்.

அண்ணா கொண்டுவந்து விடுகிறான். அம்மன் எழுந்தருளும் அன்றைக்கு வந்து சேருவேன். கொலுப் படியைத் தொடவேண்டாம், நான் வந்து பிரித்துக் கட்டிக்கொள்கிறேன். சாப்பாட்டுக்கு இலை நறுக்கி வைக்கவும். அன்றிலிருந்து பரிமாறுவது எந்தக் கையால் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரு பேசினால் அதையும் நாலு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடிகாலை நான் ஆற்றுக்குப் போகும்போது நீங்களும் வரலாம். ஆனால் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கவேண்டாம்.

நேரே பாருங்கள்.

நாகலக்ஷ்மி